மீன் படிக்கப் போன மரக்கறிக்காரி

அவைக்குத் தலைமை தாங்கி, நான் அளவுக்கு மீறிப் பேசிவிடுவேனோ என்ற அச்சத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஏரம்பு ஐயா அவர்களே! அருகமர்ந்து அருள்நகை பூக்கும் வணக்கத்துக்குரிய போதகர் நதானியேல் அவர்களே! அச்சுவேலியின் அறிவுச்சுடரை அணையாது காக்கும் சனசமூக நிலைய அன்பர்களே! பிள்ளைகளைப் பிறநாடு அனுப்பப் பெட்டி கட்டியபடியே பெருமூச்சு விடும் தாய்மாரே! அந்தப் பெட்டியிலிருந்து எந்த மிளகாய்த்தூள் சரையை எடுத்து ஒளிக்கலாம் என்று இரகசியமாய்த் திட்டமிடும் மாணவச் செல்வங்களே! கொக்குவில் உதயகலாவாகிய நான் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

வாழ்த்துரை வழங்க அழைத்தீர்கள். வாழ்த்துவதற்கு முன், எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் புகாத வீடு. முட்டை உடைத்த கையால் எங்கள் வீட்டு வாசற் படலையைத் தொட்டாலே என் அம்மா ஞானாம்பிகை தண்ணீர் தெளிப்பார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. எங்கே? நோர்வேயின் வடகோடியில். எந்தத் துறையில்? மருத்துவமா? இல்லை. மலர் வளர்ப்பா? இல்லை. மீன்! மீனின் தோற்றம், மீனின் தரம், மீனின் பதம்!

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார்.

“எடி பிள்ளை, உலகத்திலை வேறை படிப்பே இல்லையோ?”

“அம்மா, நான் படிக்கத்தான் போறன். தின்னப் போகேல்லை.”

“மீனுக்கு உது விளங்குமோ?” என்றார் அம்மா.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று நானும் சிரித்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

இறங்கினேன். என்ன கண்டேன்? கடற்கரை நெடுகக் கம்புகள். கம்புகள் நெடுகக் காயும் மீன்கள். காற்றிலே மீன், கடையிலே மீன், நண்பகலிலும் விடியாத அந்தக் குளிர்கால வானத்திலே நட்சத்திரம்கூட எனக்கு நெத்தலியாய்த் தெரிந்தது! பல்கலைக்கழக உணவுச்சாலையில், “எனக்கு இறைச்சி வேண்டாம்” என்றேன். பரிமாறிய அம்மையார் அன்போடு ஒரு கோப்பை சூப்பு நீட்டினார். அதில் வெள்ளையாய் ஏதோ மிதந்தது. “இது என்ன?” என்றேன். “மீன்” என்றார். “இறைச்சி வேண்டாம் என்றேனே!” என்றேன். “அதனால்தானே மகளே மீன் போட்டேன்!” என்றார். இன்னும் விளக்கினேன். விளங்கிக்கொண்டார். கரண்டியை எடுத்தார், மிதந்த மீனை அள்ளி அப்பால் போட்டார், அதே கோப்பையை மறுபடியும் நீட்டினார்.

அன்று தொடங்கியது என் உருளைக்கிழங்குத் தவம். அவித்த கிழங்கு, அவித்து மசித்த கிழங்கு, மசித்து மறுபடி சூடாக்கிய கிழங்கு!

பின்வரிசையில் ஓர் ஐயா கேட்கிறார், “முட்டை தின்னலாமே?” என்று. ஐயா, நீங்கள் என் அம்மாவிடம் வந்து இதைக் கேட்க வேண்டும். நான் உங்களுக்காக வெளியே ஓட்டோவை நிறுத்திவைக்கிறேன்.

அந்த விடுதியிலே என் சமையற் குசினியைப் பங்குபோட வந்தாள் ஒருத்தி. தொண்டைமானாற்றுப் பெண். பெயர் றெபேக்கா. தாதியர் துறையில் படிக்க வந்தவள். வந்த அன்றே ஒரு முழு மீனைப் பொரிக்கத் தொடங்கினாள். நான் மேலங்கியை மாட்டிக்கொண்டு கொட்டுகிற பனியில் போய் நின்றேன். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, ஏன் வெளியிலை நிக்கிறியள்? விறைச்சுப் போவியள்!”

“இல்லைத் தங்கச்சி, சும்மா காத்து வாங்கிறன்.”

“உந்தக் குளிருக்குள்ளையோ? அக்கா, நீங்கள் சைவமெண்டு வாயைத் திறந்து சொல்லக் கூடாதே? எங்கடை ஊர்ச் சந்நிதி முருகன் கோயில் அன்னதானத்திலை சாப்பிட்டு வளந்தவள் நான். எனக்குத் தெரியாத சைவமோ?”

மறுநாள் எனக்கென்று ஒரு புதுத் தாச்சிச் சட்டி வாங்கி வந்தாள். “இதுக்குள்ளை மீன் வைச்சால் என்ரை கை முறியட்டும்” என்றாள். போதகர் ஐயா, உங்கள் சபைப் பிள்ளை எனக்குச் செய்த சத்தியம் அது!

ஆனால் அவையோரே, சோதனை குசினியில் வரவில்லை. வகுப்பறையில் வந்தது. மீன்தரப் பாடத்துக்குச் செய்முறைத் தேர்வு. அவித்த மீனைச் சுவைத்து, எது புதிது எது பழையது என்று புள்ளியிட வேண்டும். என் பேராசிரியர் நெடிய மனிதர், நேர்மையானவர். “நான் சுவைக்க மாட்டேன்” என்றேன். “அப்படியானால் தேர்ச்சி இல்லை, பட்டமும் இல்லை” என்றார். அவர் குரலில் கோபமில்லை. கோபித்திருந்தால் நானும் கோபித்திருப்பேன். அவர் வருந்தினார், அதனால் எனக்கு அழுகை வந்தது.

றெபேக்கா சொன்னாள்: “அக்கா, நாக்கிலை வைச்சிட்டுத் துப்புங்கோவன். ஆர் பாக்கப்போகினம்?”

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கொதிப்பார், அந்தக் கொதிப்பில் எனக்குத் துணிவு வரும் என்று நினைத்தேன். அம்மா என்ன சொன்னார் தெரியுமா? “மோனை, படிப்பு முக்கியம். ஒருக்கா வாயிலை வை. முருகன் கோவிக்க மாட்டார்” என்றார்.

தண்ணீர் தெளிக்கிற அம்மா! என் தாய் வழிவிட்டார். தோழி வழிகாட்டினாள். தடுக்க ஒருவருமில்லை. அந்தக் கணத்திலேதான், பெரியோர்களே, எனக்கு விளங்கியது: இது அம்மாவுக்காக நான் காத்த விரதம் அல்ல. என்னுடையது. என் நெஞ்சு ஏற்றது. எவர் விட்டுவிடச் சொன்னாலும் விடமுடியாதது.

மறுநாள் காலை பேராசிரியர் அறைக்குப் போனேன். “ஐயா, துறைமுகத்தில் பச்சை மீனின் தரத்தைக் கண்ணாலும் கையாலும் மூக்காலும்தானே பார்க்கிறார்கள்? அப்படி என்னைச் சோதியுங்கள். தோற்றால் ஊருக்குப் போகிறேன்” என்றேன். தலையசைத்தார்.

சோதனை நாள். பனிக்கட்டிமேல் வரிசையாய்த் தட்டங்கள். சக மாணவர்கள் மதியம் மீன் தின்ற கையோடு வந்து சூழ்ந்து நின்றார்கள். கண்ணை மூடினேன். முதல் தட்டம்: கடற்பாசி வாசம். புதியது. அடுத்தது: வாசமே இல்லை. கொஞ்சம் பழையது. அதற்கடுத்தது: இலேசான புளிப்பு. இப்படியே புதியதிலிருந்து பழையதுவரை அடுக்கினேன். கடைசித் தட்டத்தில் நின்றேன். “ஐயா, இதில் ஒரு மீன் மற்றவற்றோடு சேராதது. இது வேறு நாள் பிடித்தது” என்றேன்.

பேராசிரியர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தரையைப் பார்த்தார். அவர் தவறுதலாய்க் கலந்துவிட்ட மீன் அது!

“எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்று வியந்தார் பேராசிரியர்.

“ஐயா, அடுத்த ஒழுங்கையில் மீன் பொரித்தால் யன்னல் சாத்துகிற வீட்டில் வளர்ந்தது இந்த மூக்கு. மீனோடு அதற்குப் பழக்கமில்லை; அதனால் ஏமாறுவதுமில்லை” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் தட்டங்கள் அதிர்ந்தன. தேர்ச்சி கிடைத்தது. ஊர் திரும்பி, இன்று மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றிலே தரம் பார்ப்பதுதான் என் தொழில். நான் துறைமுகத்தில் கால் வைத்தால், “உந்தா, மரக்கறி மிஸ் வாறா, பழசை ஒளியுங்கோடா!” என்று குரல் கேட்கும்.

பட்டம் பெற்ற மாலை, பேராசிரியர் என்னையும் றெபேக்காவையும் தம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். மீன் இல்லாத மேசையை அந்த வீடு அதுவரை கண்டதில்லை. அன்று கண்டது. அவர் மனைவி முதல்தடவையாகப் பருப்புக் கறி வைத்திருந்தார். உப்பு இல்லை. உறைப்பு இல்லை. இலங்கைக் கறிக்குக் கறுவாப்பட்டைதான் உயிர் என்று யாரோ சொன்னார்களாம், அதை அள்ளிக் கொட்டியிருந்தார். “நல்லா இருக்கிறதா?” என்று இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். றெபேக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நான் இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கினேன். என் வாழ்நாளில் அதைவிட மோசமான பருப்பை நான் உண்டதில்லை. அதைவிட வயிறும் மனமும் நிறைந்து உண்டதுமில்லை!

மாணவச் செல்வங்களே! போகிற இடத்திலே உங்களைக் கேலி செய்வோர் இருப்பார்கள். கெஞ்சாதீர்கள், சீறாதீர்கள், சொல்லுங்கள். பனியில் போய் ஒளியாமல், வாய் திறந்து சொல்லுங்கள்! அடுத்தவர் தட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். உங்களுக்காக ஒருவர் தம் மேசையை மாற்றி வைத்தால், அதில் உப்பில்லை என்று சொல்லாதீர்கள். அது உணவு அல்ல, மரியாதை! அதை வணங்கி உண்ணுங்கள்! போங்கள், படியுங்கள், எங்கும் நீங்களாகவே நில்லுங்கள்!

பொறுமையோடு செவிமடுத்த தலைவருக்கும், சிரித்துச் சிரித்து என்னைப் பேசவைத்த உங்களுக்கும் நன்றி. பயணம் போகிற பிள்ளைகள் நலமாய்ப் போய், நிறைவாய் வர வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்.