தேத்தண்ணிக் கடை வாங்கு

சுவிட்சர்லாந்தில் எம்மன்புரூக்கே போகும் காலை ரயிலில் எனக்கு எதிரே இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள். இளையவர் கையில் தடித்த ஜெர்மன் புத்தகம்.

"பாடப் புத்தகமோ தம்பி?" என்றார் மூத்தவர்.

"இல்லை அண்ணை. அடிமையளைப் பற்றின பழைய அமெரிக்க நாவல். எங்கட ஊர்த் தேத்தண்ணிக் கடையை மாத்தினது இதுதான்."

"அமெரிக்க நாவலோ?"

"ஓம். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. வாசிகசாலையிலை ஒராள் இதைத் தமிழிலை உரத்து வாசிக்க, வெளியிலை நிண்டு கேட்டவர். அதுவரை சாதியைச் சொல்லி எங்கட ஆக்களுக்குக் கடை வாசலிலை, தேங்காய்ச் சிரட்டையிலைதான் தேத்தண்ணி. அடுத்தநாள் அப்பா உள்ளுக்குப் போய், மற்ற ஆக்கள் இருந்து குடிக்கிற நீட்டு மர வாங்கிலை இருந்து கிளாசிலை கேட்டவர். அடிச்சுக் கலைச்சவங்கள். மற்றநாளும் போய் இருந்தவர். கடைசியிலை எங்கட ஆக்களுக்கும் உள்ளுக்கு, கிளாசிலைதான்."

 மூத்தவர், சாதியை நேரே கேட்காமல் விசாரிக்கிறவர்போலக் குரலைத் தணித்து, "தம்பி ஊரிலை எவடம்?" என்றார்.

இளையவர் குரலைத் தணிக்கவில்லை.

"அந்த வாங்கு கிடக்கிற இடந்தான், அண்ணை."