வுப்பேயின் குரல்

காக்கட்டீல் கிளி வாங்குவதானால் ஆணாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டைக்குப் பேச்சு லேசில் வராது. பக்கத்து வீட்டு கெர்டினிடம் இருப்பது ஆண். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரப் பயல்.

அவள் கணவன் வுப்பே வாங்கிய கிளி அது. அவன் இருந்தவரை கிளி வாயே திறந்ததில்லை. அவன் செத்துப்போன பிறகு ஞாயிறுதோறும் கெர்டின் வீட்டில்தான் எனக்குக் காப்பி. ஒரு கோப்பை, ஒரு பிஸ்கட். உடனே டப்பாவை மூடிவிடுவாள். எங்கள் ஊர் ஹூர்னில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், எனக்கு அதில் குறையில்லை. ஆனால் போன வசந்தத்தில் தெருவோடு போகும்போது அவள் சன்னலைப் பார்த்தேன். எங்கள் ஊரில் யாரும் சன்னலுக்குத் திரை போடுவதில்லை. கிளி வளர்ப்போர் சங்கத்து ஏவர்ட் உள்ளே உட்கார்ந்திருந்தான். டப்பா திறந்தே கிடந்தது. மூன்றாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது.

கோடையில் அவளே வந்து சாவியை நீட்டினாள். "அக்கா வீட்டுக்குப் போறேன் ஹார்ம், கிளியக் கொஞ்சம் பாத்துக்கிறியா? திரும்பி வந்ததும் ஏவர்ட் வீட்டோட போயிடலாம்னு இருக்கேன்."

கரும்பு தின்னக் கூலியா? "நிம்மதியாப் போயிட்டு வா" என்றேன்.

உயிரோடு இருந்தபோது, வாசல் மணி அடித்தால் வுப்பே மாடியிலிருந்து ஒரு சீழ்க்கை அடித்து, "யாரு வந்திருக்கா, கெர்டின்?" என்று கேட்பான். சுருட்டுக் குடித்துக் கரகரத்த குரல். அது எனக்கு நன்றாகவே வரும். அவள் ஊரில் இல்லாத நாளெல்லாம் மணியை அழுத்திவிட்டுக் கூண்டுக்கு ஓடுவேன். சீழ்க்கை, பிறகு கேள்வி. கிளி திருப்பிச் சொன்னால் ஒரு தினைக்கதிர்.

அவள் திரும்பி வந்த ஞாயிறு, நான் காப்பியோடு இருந்தபோது ஏவர்ட் பூங்கொத்துடன் வந்து மணி அடித்தான்.

"யாரு வந்திருக்கா, கெர்டின்?"

அவள் கையிலிருந்த கோப்பை விழுந்தது. ஏவர்ட் மறுபடி அடித்தான், கிளி மறுபடி கேட்டது. அவள் கதவைத் திறக்காமலே சொன்னாள்: "போயிடு ஏவர்ட். வுப்பே வீட்டுலதான் இருக்காரு. அவரு கேக்குறது உனக்குக் கேக்கலையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டப்பாவை மூட மறந்திருந்தாள், இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

ஏவர்ட் இப்போது வருவதில்லை. கெர்டின் வெளியே போவதும் இல்லை, எனக்கும் கதவு திறப்பதில்லை. மணி அடித்தால் எழுந்து கூண்டருகே போய், "யாருமில்ல வுப்பே, நீங்க படுத்துக்கோங்க" என்கிறாள். சன்னல் வழியாகப் பார்க்கிறேன், ரொம்ப இளைத்துவிட்டாள். நான்தான் பழக்கினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பாவம், இன்னொரு முறை விதவையாகிவிடுவாளே. அதனால் நாள் தவறாமல் போய் மணியடித்துவிட்டு வருகிறேன். அவளுக்கும் ஒரு பேச்சுத் துணை வேண்டாமா?