காசிநாதனின் மோர்

மோர் தாளிப்பதில் எனக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு, சார். கடுகு, கறிவேப்பிலை, துளி பெருங்காயம். என் தம்பி காசிநாதனுக்கு அது இல்லாமல் மத்தியானச் சோறு இறங்காது. அப்பா போனபின் அவனை வளர்த்தவன் நான்.

பெயர் பக்தவத்சலம். செங்கல்பட்டில் ஒரு மனநல டாக்டரிடம் பதினாறு வருடமாகக் கம்பவுண்டர். மாத்திரையைத் துப்புகிறவர்களின் வீட்டார் கேட்டு வாங்குவது ஒரு சொட்டு மருந்து. நிறமில்லை, ருசியில்லை. காபியில் கலந்துவிடுவார்கள். சொல்லாமல் கொடுப்பதை எங்கள் பக்கம் யாரும் பாவமாக நினைப்பதில்லை.

காசி மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறையில் உளி பிடித்தவன். தொண்ணூற்றெட்டில் பக்கத்து ஓட்டலில் வேலை பார்த்த ரெஜினா மேல் பைத்தியமானான். அவள் தாத்தா எங்கள் நிலத்தில் நாற்று நட்டவர். அவள் எங்கள் வீட்டு மருமகளாம். த்தூ.

"தை மாசம் ரிஜிஸ்டர் பண்ணிக்கிறோம், அண்ணாத்த. நீ வரலன்னாலும் நடக்கும்," என்று சிரித்தான்.

நான் கத்தவில்லை. ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும். மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள்தான் ஆசையைக் கிளப்புகின்றன என்று டாக்டர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை அடக்கும் சொட்டு என் அலமாரியிலேயே இருந்தது.

மோரில் அதை விடத் தொடங்கிய மூன்றாம் வாரம் அவன் கையிலிருந்து உளி நழுவியது. கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. வாயோரம் எச்சில். சிரிப்பு போயிற்று. யாருக்கோ கேட்பதுபோல் டாக்டரிடம் விசாரித்தேன்.

"அந்தச் செல்லெல்லாம் ஒரே ஜாதின்னு நெனச்சியா, பக்தா? ஒண்ணு ஆசைக்கு, ஒண்ணு கைகாலுக்கு, ஒண்ணு பயத்துக்கு. மருந்துக்கு அது தெரியாது. எல்லாத்தையும் அமுக்கும்."

எனக்கு வேண்டியது ஒன்றுதான். மருந்து அதைப் புரிந்துகொள்ளவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் தை இன்னும் பிறக்கவில்லை.

ஒரு நாள் ரெஜினா திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவன் காலடியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னா குடுத்துகினு கீற நீ? சாமிக்குக் கண்ணு தொறக்குற கை அது!"

காசியின் முகம் அசையவில்லை. விரல் மட்டும் அவள் முந்தானை நுனியைப் பிடித்திருந்தது. எல்லாம் அடங்கியும் அந்த ஆசை அடங்கவில்லை. அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். மறுநாள் சொட்டைக் கூட்டினேன்.

அந்தத் தை போய், அடுத்த தையும் போயிற்று. நேற்று நான் வேலைக்குப் போன நேரத்தில் அவள் வந்து, தூக்குச்சட்டியிலிருந்த மோரைச் சீசாவில் பிடித்து ஸ்டேஷனில் உங்களிடம் கொடுத்துவிட்டாள்.

நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அவனைக் குளிப்பாட்டியதும் வாய் துடைத்ததும் நான்தான் என்பதையும் எழுதுங்கள். அவள் இல்லை.

ஒன்றே ஒன்று, சார். என்னை இங்கே வைத்துக்கொண்டால் அவனுக்கு மோர் கொடுக்க ஆளில்லை. யாரையாவது அனுப்புங்கள். நாலு நாள் விட்டுப்போனால் அவன் சிரிக்க ஆரம்பித்துவிடுவான்.