கொண்டைக்குள் இருந்த பொட்டலம்

நீ வாங்கி வந்த மாத்திரையும் தண்ணீரில் நுரைக்கத்தான் செய்கிறது, முத்தாயி. ஆனால் மருந்து வாடை அடிக்கிறது. நாங்கள் குடித்தது தூள். ஆரஞ்சுப் பழப் படம் போட்ட சின்னப் பொட்டலம். ஜப்பான்காரன் வருவதற்கு முன் தோட்டத்துக் கடையில் கிடைத்தது. நானும் உன் அம்மா மயிலம்மாளும் அதை ஒரே தகரக் குவளையில் கொட்டி, நுரை அடங்குவதற்குள் மாறி மாறிக் குடிப்போம். அடங்கிவிட்டால் அது வெறும் இனிப்புத் தண்ணீர்.

"ஏ பஞ்சாலை, உன் வாய் பெருசு, அடுத்த தடவ நான்தான் மொதல்ல," என்பாள். அடுத்த தடவையும் முதல் வாய் எனக்குத்தான் தருவாள்.

யுத்தத்துக்குப் பிறகு அந்தத் தூள் வரவில்லை.

உன் அம்மாவைப் பற்றி நீ கேட்டதற்கு வருகிறேன். மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்தபோது, நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக்கூடாதென்று, ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள் ஒரு பிடி அரிசிகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. வேலி வாசலில் பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும் என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இராசரத்தினம். எனக்கு அப்போது கத்தி பிடிக்க முடியாமல் மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகு லயத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. பேசினால் போலீஸுக்குத் துப்புக் கொடுக்கிறவள் என்ற பெயர் வந்துவிடும். உன் அம்மாவும் பேசவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தினமும் விடியலில் என் முன் வந்து நிற்பாள். முந்தானையை உதறிப் பார்ப்பேன், கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பேன். எங்களுக்குள் அவ்வளவுதான் மிச்சம்.

அன்று கொண்டைக்குள் பொட்டலம் இருந்தது. அதே ஆரஞ்சுப் படம், வெளுத்துப்போய். சிரம்பான் டவுனில் ஏதோ பழைய கடையில் அகப்பட்டிருக்க வேண்டும். அவள் என் காதருகே ஏதோ சொன்னாள். ஆள் ஏற்றும் லாரி உறுமிக்கொண்டிருந்தது, கேட்கவில்லை. பக்கத்தில் புதிதாக வந்த போலீஸ் சார்ஜன். பொட்டலத்தை உயர்த்திக் காட்டினேன். அது என் வேலை.

"பூ வைக்கிற எடத்துல மளிகக்கடை வச்சிருக்காளா!" என்றான் ஆண்கள் வரிசையில் நின்ற மாயாண்டி. எல்லோரும் சிரித்தார்கள்.

சார்ஜன் பொட்டலத்தைப் பிரித்து, தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் கொட்டினார். அத்தனை பழைய தூள். இருந்தும் பொங்கியது. அவர் பின்வாங்கித் துப்பாக்கியில் கை வைத்தார். பக்கத்துத் தோட்டத்துப் பாலத்தில் குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சிரிப்பு நின்றது. அது என்னவென்று வரிசையில் இன்னும் சிலருக்குத் தெரிந்திருக்கும். யாரும் வாய் திறக்கவில்லை.

"இது என்ன, தெரியுமா?" என்று என்னிடம் மலாயில் கேட்டார்.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். "சொல்லு புள்ள. சின்னப் பிள்ளையில நாம குடிச்சதுதானேன்னு சொல்லேன்."

"தெரியாது, துவான்," என்றேன்.

தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்பார். கூட்டாளியா என்பார். யோசித்துப் பார், நியாயமான பயம்தான்.

அவளுக்கு ஏழு மாதம் தடுப்புமுகாம். பிறகு நாடுகடத்திக் கப்பல் ஏற்றினார்கள், அவள் பார்த்தேயிராத இந்தியாவுக்கு. உனக்கு மூன்று வயது. உன்னை அனுப்ப உன் அப்பா சம்மதிக்கவில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கினாளா என்பதுகூட நமக்குத் தெரியாது. கடிதம் வரவில்லை.

அம்மா அன்று காதில் என்ன சொன்னாள் என்று நீ கேட்டாய். ரப்பர் காயவைக்கும் புகைவீட்டில் வேலையாயிருந்த உன் அப்பாவும் அன்று சாயங்காலம் அதைத்தான் கேட்டார். லாரிச் சத்தம் என்றேன். அதையே இத்தனை வருஷம் எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

அன்று லாரி வரவில்லை, முத்தாயி. எல்லோரும் நடந்துதான் போனார்கள். மரத்திலிருந்து பனி சொட்டுவது கேட்கிற அளவுக்கு அமைதி.

"நீ தேடுவேன்னுதான் வச்சேன். ஒளிச்சுக்கடி. மொத வாய் உனக்கு."

ஐந்து மாதம் பேசாதவள், பேசியபோதும் யாருக்கும் கேட்காமல்தான் பேசினாள். கேட்டுவிட்டுத்தான் கையை உயர்த்தினேன்.