கடைசி நிறுத்தம் இன்னும் திறந்திருக்கிறது

பொதுவாக நான் அடுத்தவர் விஷயத்தில் தலையிடுகிறவன் அல்ல, மேடம். பக்கத்து வீட்டு நாய் என் தோட்டத்தைத் தோண்டிப் போட்டபோதுகூட வாய் திறக்கவில்லை. மண்ணை மூடிவிட்டு வேலைக்குப் போனேன். கார்னெலைக் கேட்டால் அவனும் இதையே சொல்வான். இப்போது எதையும் சொல்லும் நிலையில் அவன் இல்லை என்கிறீர்கள். அதைக் கேட்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் அவனுடைய வக்கீல். நான் அவனுடைய நண்பன். இரண்டு பேருமே அவனுக்கு நல்லது நினைத்தவர்கள். அதனால் பதிவுக் கருவியை நிறுத்தச் சொல்லி நான் கேட்க மாட்டேன். மடியில் கனம் இருக்கிறவன்தான் வழியில் பயப்பட வேண்டும்.

கார்னெல் க்ளீவ்லாந்தில் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். வேலை முடிந்து வந்ததும் ‘கடைசி நிறுத்தம்’ என்ற தன் இணையதளத்தில் ராப் பாட்டுகளைப் போடுவான். ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் ஒரு பத்தி எழுதுவான். ஜனங்கள் வந்தது அந்தப் பத்திக்காகத்தான். அன்றைக்குப் பஸ்ஸில் ஏறிய யாரோ ஒரு கிழவியைப் பற்றி ஆரம்பிப்பான், எப்படியோ சுற்றிக்கொண்டு வந்து பாட்டில் இறக்கிவிடுவான். நான் பகலில் ஒரு பல் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். ‘கடைசி நிறுத்தம்’ ஓடுகிற இயந்திரம், அதன் வேலை முழுக்க என்னுடையது. ஏழு வருஷமாகச் செய்தேன். வீட்டு விருந்துகளில் என்னைத் தோளில் தட்டி, “இவன்தான் லயல், நம்ம கரண்ட் ஆளு” என்று அறிமுகப்படுத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒருமுறை அவனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. நானே ஒரு பத்தி எழுதி அனுப்பினேன். “டேய், ஃப்ரிட்ஜ் வாங்கினா கூட ஒரு புத்தகம் குடுப்பானே, அது மாதிரி இருக்குடா” என்றான். சரியாகத்தான் சொன்னான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவன் மாதிரி எழுதிப் பழகினேன், அவ்வளவுதான். பழகுவதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம், நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விருந்து வாரத்தில் அரசாங்கம் அந்தத் தளத்தின் பெயரைப் பிடுங்கியது. ‘கடைசி நிறுத்தம்’ என்று அடித்தால் அரசு முத்திரைகளும், பதிப்புரிமை மீறலுக்காக இந்த முகவரி கைப்பற்றப்பட்டது என்ற அறிவிப்பும்தான் வந்தன. முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாட்டுகளை அனுப்பியதே பாட்டுக் கம்பெனிக்காரர்கள்தான். ரெஜி என்று ஒருவன், கம்பெனியின் விளம்பரப் பிரிவில் வேலை. வெளியாகாத பாட்டை அனுப்பிவிட்டு, “தானா கசிஞ்ச மாதிரி விடு, என் பேரு மட்டும் வரக்கூடாது” என்பான். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான். கம்பெனியின் ஒரு கை பாட்டைக் கொடுக்கும், இன்னொரு கை புகார் கொடுக்கும். புகார் கொடுத்தது நானோ என்று நீங்கள் சந்தேகப்படுவது முகத்திலேயே தெரிகிறது. நான் இல்லை.

ரெஜியின் பெயரைச் சொல்லச் சொல்லி நீங்கள் கார்னெலிடம் மன்றாடினீர்கள். கம்பெனியே கொடுத்த பாட்டு என்று நிரூபித்தால் வழக்கே நிற்காது என்றீர்கள். அவன் சொல்லவில்லை. “அவனுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. என் பேரு போனா போகட்டும், அவன் சோத்துல மண்ணைப் போட மாட்டேன்” என்று என்னிடம் சொன்னான். அப்படியானால் வழக்கு முடியும்வரை ஒரு எழுத்துகூடப் போடாதே, வேறு இடத்தில் கடை விரித்தால் கிரிமினல் வழக்காகிவிடும், நகர வேலையும் ஓய்வூதியமும் போய்விடும் என்று சொல்லி அனுப்பினீர்கள். நல்ல யோசனை. அதில் நான் குறை காணவில்லை.

ஆனால் அரசாங்கம் பிடுங்கியது பெயரை மட்டும்தான் மேடம். உள்ளே இருந்த பாட்டும் எழுத்தும் என்னிடம் பத்திரமாக இருந்தன. பூட்டிய கடை வாசலில் ‘எதிர்த் தெருவுக்கு மாறிவிட்டோம்’ என்று ஒரு அட்டை தொங்கவிட்டால் யாரும் குற்றம் என்று சொல்வதில்லை. நான் செய்த கருவி அந்த மாதிரி ஒரு அட்டைதான். உலாவியில் சேர்த்துக்கொண்டால் போதும். பிடுங்கப்பட்ட பெயரை நீங்கள் அடித்ததும், அது என்னுடைய பட்டியலைப் பார்த்து, புது இடத்துக்கு உங்களை அழைத்துப் போய்விடும். பந்தாட்டம் காட்டுகிறவர்கள், படம் போடுகிறவர்கள் எனப் பெயர் பறிகொடுத்தவர்களை எல்லாம் அதில் சேர்த்தேன். ஊர் பேர் தெரியாதவர்கள் நன்றி சொல்லி எழுதினார்கள். கரண்ட் ஆளுக்கு யாரும் அதற்கு முன் நன்றி சொன்னதில்லை.

‘கடைசி நிறுத்த’த்தையும் சேர்க்கட்டுமா என்று கார்னெலிடம் முறையாகக் கேட்டேன். “வேணாம்டா லயல். வக்கீலம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க” என்றான். சரி என்றேன். பிறகு சேர்த்தேன். பழைய பக்கங்களை மட்டும்தான் முதலில் வைத்தேன். வந்தவர்கள் புதிதாக ஒன்றும் இல்லையே என்று ஏங்கினார்கள். அவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. ஒரு பத்தி எழுதினேன். ‘கார்னெல் திரும்பி வந்துட்டாருடா’ என்று கீழே கொண்டாடினார்கள். ஃப்ரிட்ஜ் கையேடு என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

அவனுக்கு விஷயம் எட்டியதும் அரண்டுபோய்க் கூப்பிட்டான். எவனோ என் பெயரில் எழுதுகிறான், அரசாங்கம் பார்த்தால் என்ன ஆவது என்றான். கவலைப்படாதே, கண்டுபிடிக்கலாம் என்றேன். உன் பாட்டும் உன் கதையும் தெரிந்த ஆள்தான் இதைச் செய்ய முடியும், ரெஜி இப்போதெல்லாம் உன்னோடு பேசுகிறானா என்று கேட்டேன். கேள்விதான் கேட்டேன். “ரெஜியா” என்றான். உன் பெயரில் எழுதுகிறவன் என்ன செய்கிறான் என்று நீ தினம் கண்காணிக்க வேண்டும் என்று சொல்லி, வீட்டுக்கே போய் அவன் கம்ப்யூட்டரில் என் கருவியைப் போட்டுக் கொடுத்தேன். அவன் மனைவி யவெட் எனக்கு வறுத்த கோழி வைத்தாள்.

யார் எந்த வீட்டிலிருந்து எப்போது வருகிறார்கள் என்பது என் இயந்திரத்தில் தெரியும். கார்னெல் தினமும் விடிவதற்கு முன், பேருந்து நிலையத்துக்குக் கிளம்புமுன் வருவான். மேலிருந்து கீழ்வரை படிப்பான். சில நாள் இரண்டு முறை படிப்பான். என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான மாதங்கள் அவை, மேடம். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

நன்றாக எழுத வேண்டுமென்றால் உண்மையான விஷயம் வேண்டும். ஏழு வருஷத்தில் அவன் என்னிடம் கொட்டியது கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தேங்க்ஸ்கிவிங்குக்கு யவெட் செய்த மக்ரோனி தீய்ந்துபோக, இருவரும் கடையில் வாங்கி வந்து, அவளுடைய அம்மாவின் கண்ணாடித் தட்டில் கொட்டி, சொந்தக்காரர்களை ஏமாற்றினார்கள். அதை ஒரு பாட்டுக்குக் கீழே எழுதினேன். யவெட் படித்துவிட்டாள்.

“அது நமக்கு ரெண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும், கார்னெல். வேலை போனா தெருவுலதான் நிக்கணும்னு தெரிஞ்சும் ஒளிஞ்சு ஒளிஞ்சு எழுதுறியே. என் மூஞ்சியைப் பார்த்து இல்லைன்னு சத்தியம் வேற பண்ற.”

என்னிடம் சொன்னதை அவன் மறந்துபோயிருந்தான். யாரோடு என்ன பேசினோம் என்பதை அவன் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, முக்கியமாக என்னோடு பேசியதை. யவெட் ஆக்ரனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் என்னைக் கூப்பிட்டு, “தூக்கத்துல எழுதுவாங்களாடா?” என்று கேட்டான். நான் சிரிக்கவில்லை. கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

ஆனால் தூக்கத்தில் எழுதுகிறோம் என்று நம்புவதைவிட நண்பன் துரோகி என்று நம்புவது எளிது. கோடை முடிவதற்குள் ரெஜிதான் என்று முடிவு கட்டிவிட்டான். உங்கள் அலுவலகத்துக்கு வந்து, ரெஜி பாட்டு அனுப்பிய கதையை எல்லாம் ஒப்பித்தான். கம்பெனி ரெஜியை வேலையை விட்டு அனுப்பியது. அதைக் கொண்டுதான் நீங்கள் அரசாங்கத்தை மடக்கினீர்கள். டிசம்பரில் மறுபேச்சில்லாமல் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் உங்கள் வாதத்தால் ஆகாதது என்னால் ஆயிற்று என்று சொன்னால் உங்களுக்குக் கசக்கும். நான் அதற்குப் பாராட்டு கேட்கவில்லை.

பெயர் வந்ததும் அதைப் பழைய இயந்திரத்தோடு இணைக்கச் சொன்னான். ஒழுங்காக இணைத்துக் கொடுத்தேன். அவன் எழுதிப் போடும் பக்கத்துக்குத் தனி முகவரி, என் கருவி அதைத் தொடாது. அதையும் திறந்துவிட்டேன். உட்கார்ந்து முதல் வரி எழுதினான். ‘ஒரு வருஷமா எழுதினது நான் இல்லை.’ எழுதிவிட்டு, எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தளத்தின் பெயரை அடித்தான்.

என் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நான் எடுக்கவில்லை, மேடம். அதைத்தான் நீங்கள் கேட்க வந்தீர்கள். பெயர் யாரிடம் இருக்கிறது என்று என் கருவி பார்ப்பதில்லை. பட்டியலில் இருந்தால் புது இடத்துக்கு அழைத்துப் போகும். கார்னெலையும் அழைத்துப் போயிற்று. அங்கே அன்று காலை நான் எழுதிய பத்தி இருந்தது. ‘பெயர் திரும்பி வந்துவிட்டது, நான் எங்கேயும் போகவில்லை’ என்று. நல்ல பத்தி. அவனுடைய வரி அங்கே இல்லை.

மறுபடி எழுதினான். மறுபடி பார்த்தான். உங்களைக் கூப்பிட்டபோது, எனக்குத் தெரிகிறதே கார்னெல், நீ எழுதியது அப்படியே இருக்கிறதே என்றீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் என் கருவி இல்லை. என்னைக் கேட்டான். எனக்கும் வரவில்லை என்றேன், அது உண்மை, என்னுடையதிலும் கருவி இருக்கிறது. வக்கீலம்மா அரசாங்கத்தோடு ஏதாவது பேசி முடித்துவிட்டாரோ என்று கேட்டுவைத்தேன். அதற்காக மன்னியுங்கள்.

கடைசியில் என் தளத்துக்கே வந்து, ‘நான்தான் கார்னெல், இதை எழுதுறது நான் இல்லை’ என்று கீழே கருத்துப் போட்டான். வாசகர்கள் பிய்த்து உதறிவிட்டார்கள். ‘போலி வந்துட்டான்டா.’ ‘கார்னெல் மாதிரி ஒரு வரி எழுதிக் காட்டு, அப்புறம் பேசலாம்.’ அவன் எழுதிக் காட்டினான். பாவம், நன்றாக வரவில்லை. ‘அவரை விட்டுவிடுங்கள், பாசத்தில் செய்கிறார்’ என்று நான் பதில் போட்டேன். கார்னெலாக இருந்தால் அப்படித்தான் பெருந்தன்மையாக நடந்துகொண்டிருப்பான்.

அதற்கு அடுத்த வாரம் பேருந்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். யூக்ளிட் அவென்யூவில், பனியில், வண்டியை நடுச்சாலையில் நிறுத்திக் கதவுகளைப் பூட்டினான். எழுந்து வந்து ஒவ்வொருவரிடமும் போனில் ‘கடைசி நிறுத்தம்’ என்று அடித்துக் காட்டச் சொன்னானாம். ஒரு பெண், “ஐயா, நான் வேலைக்குப் போகணும், கதவைத் திறங்க” என்று அழுதிருக்கிறாள். கடைசியில் ஒரு பையன் பயந்துகொண்டே அடித்துக் காட்டினான். அந்தப் போனில் என் கருவி இல்லை. ‘ஒரு வருஷமா எழுதினது நான் இல்லை’ என்ற ஒரே வரி, பக்கம் பக்கமாக, கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்ததாம். இல்லை என்று நினைத்து அத்தனை நாளும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு, “இருக்கே, இருக்கே” என்று சொல்லிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான் என்றார்கள். போலீஸ் வரும்வரை கதவைத் திறக்கத் தோன்றவில்லை. அவர்கள்தான் அவனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். வேலை போனது அதனால்தான், என் எழுத்தால் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

யவெட் வீட்டுக்கு வந்து அவன் கம்ப்யூட்டரையும் தன் போனையும் அருகருகே வைத்து, ஒரே பெயருக்கு இரண்டும் வேறு வேறு பக்கம் காட்டுவதைப் பார்த்திருக்கிறாள். கெட்டிக்காரி. எனக்கு அவள்மேல் வருத்தம் கிடையாது.

ஆமாம், என் பட்டியலில் ஒரே ஒரு வரியை அழித்தால் போதும். ஒரு நிமிஷ வேலை. இப்போதே, உங்கள் எதிரிலேயே செய்யலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவ்வளவு ஜனமும் அவனை நம்பித்தான் வருகிறார்கள். பைத்தியக்காரன் சுவரில் கிறுக்கியது மாதிரி ஒரு பக்கத்தில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்கிறீர்களா? மருத்துவமனையில் படுத்திருக்கிற அந்த மனிதனைப் பார்த்துவிட்டுக் கார்னெல் என்ன நினைக்கிறான் என்று முடிவு செய்யாதீர்கள். தளத்தை மூட அவனுக்கு விருப்பமில்லை. சந்தேகம் இருந்தால் என் கருவியைப் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள் மேடம், இன்று காலைகூட அவனே அப்படித்தான் எழுதியிருக்கிறான்.