இருபத்துமூணு கிலோ

ஏய் வீரணா, அந்தத் தோசைக்கல்லக் கீழ வை. அது பழைய இரும்பு இல்லப்பா. பெட்டியில இருந்து எடுத்து ஓரமா வச்சேன், நீ பாட்டுக்குக் குமியில தூக்கிப் போட்டுட்ட. இரும்பக் கண்டா உன் கை தானா போகுது, தெரியும். ஆனா அது கனடா போற கல்லு. என் மக ஆஷ்லின் கேட்ட ஒரே சாமான் அதான். அங்க விக்கிற கல்லுல தோசை ஊத்துனா பாஸ்போர்ட் அட்ட மாதிரி வருதாம்.

பெட்டிக்குள்ள வச்சாச்சு. இப்ப எம்புட்டு காட்டுது? முப்பத்தொண்ணு நானூறா? உன் பழைய இரும்புக்கடைத் தராசு சரியாத்தான் இருக்கா? கோவிச்சுக்காத. வாங்குறப்ப ஒண்ணு காட்டும், விக்கிறப்ப ஒண்ணு காட்டும்னு ஒத்தக்கடையே பேசிக்கிது, நான் சொல்லல. இப்ப எந்தப் பக்கம் காட்டுதுன்னுதான் கேக்குறேன்.

நேத்து வந்தப்ப ரெண்டு பெட்டியும் சரியாத்தானே இருந்துச்சு, அதத்தான் கேக்குற. இருந்துச்சு. என் சம்சாரம் ஆரோக்கியமும் கூட நின்னு பாத்தா. செவப்பு இருபத்துமூணு, நீலம் இருபத்துமூணு. இன்னைக்கு இல்ல, அம்புட்டுதான். பொம்பள கட்டுன பெட்டி. நீலத்துல பாதிச் சாமான், செவப்புல பாதிச் சாமான். ஒரு பெட்டி காணாப்போனாலும் இன்னொண்ணுல ஆளுக்கு மாத்துத்துணி இருக்கணும்னு என் துணியையும் அவ துணியையும் ரெண்டுலயும் பிரிச்சு வச்சிருக்கா. நான் என்ன சொல்றேன்னா, முக்கியமான சாமான் பூராம் செவப்புலயே போகட்டும். அதான் நீலத்துல இருந்த சாமானெல்லாம் எடுத்துக் கட்டப்பையில போட்டுக் கொண்டாந்து இதுல திணிச்சிருக்கேன். அவ செபக்கூட்டத்துக்குப் போயிருக்கா, அஞ்சரைக்கு வந்துருவா. அதுக்குள்ள முடிக்கணும். நீ கேள்வி கேக்காமப் பிடி.

ஆளுக்கு ஒரு பெட்டி, இருபத்துமூணு கிலோ. அதுக்கு மேல போச்சுன்னா ஏர்போர்ட்ல அம்புட்டு பேரு முன்னாலயும் பெட்டியத் தொறக்கச் சொல்லிருவானாம். எங்க தெரு முத்துக்கருப்பன் சம்சாரம் துபாய் போனப்ப அப்படித்தான் ஆகிப்போச்சு. உள்பாவாடையெல்லாம் எடுத்து வெளிய வச்சு, கடேசியில அந்தம்மா மூணு சேலைய ஒண்ணுக்கு மேல ஒண்ணா கட்டிக்கிட்டுப் போச்சு. சீட்டுல பெல்ட்டு பத்தலையாம்.

சரி, எடுப்போம். அந்த ஸ்வெட்டர எடு. என்னோடதுதான். அந்தச் சட்டை நாலும், பேண்ட்டு ரெண்டும் எடுத்துரு. தெர்மலாம் அது, குளிருக்கு உள்ளுக்குள்ள போடுற கால்சட்டை. ஆஷ்லின் சொல்லித்தான் வாங்குனது. போட்டுப் பாத்தேன், பாவைக்கூத்துப் பொம்மை மாதிரி இருக்கேன்னு ஆரோக்கியம் அரை மணி நேரம் சிரிச்சா. அதையும் எடு. பூட்ஸ எடு. அதான் எடை. சேவிங் செட்டும் எடு. குளிரா? வீட்டுக்குள்ள ஹீட்டர் இருக்காம்பா.

வேட்டிய எடுக்காத! அந்த நாலு வேட்டியும் இருக்கட்டும். பழசுன்னு எனக்கும் தெரியும். அது கட்டுறதுக்கு இல்ல, பிறக்கப்போற பிள்ளையச் சுத்திப் படுக்கவைக்க. வருசக்கணக்கா தொவச்ச வேட்டி மாதிரி மெதுவா எந்தக் கடையிலயும் துணி கிடைக்காதுங்கறா ஆரோக்கியம். கல்யாணமாகி முப்பத்தாறு வருசத்துல அவ என்னையப் பாராட்டுனது அந்த வேட்டிக்குத்தான்.

இப்ப இருபத்தஞ்சு எழுநூறா? சரி. அந்தப் பொட்டலம் என்ன? மூந்து பாக்காத. கருவாடு. பக்கத்து வீட்டு பாண்டீஸ்வரி குடுத்து விட்டது. அவ மகனும் கனடாவுலதான இருக்கான், போற வழியில குடுத்துருங்க சாருங்கறா. எந்த ஊருன்னு பாத்தா ஆஷ்லின் வீட்டுல இருந்து ஏரோப்ளேன்ல அஞ்சு மணி நேரம். சொன்னா, ஆமா சார் அதே நாடுதானங்கறா. ரெண்டு கிலோ நானூறு. நீயே வச்சுக்க. கொழம்பு வை. பாண்டீஸ்வரிகிட்ட மட்டும் மூச்சு விட்டுராத.

லேகிய டப்பாவத் தொடாத. சுக்கு, பூண்டு, கருப்பட்டி, எல்லாம் பிள்ளை பெத்தவளுக்கு. ஆஷ்லினுக்கு பிரஷர் ஏறிப்போச்சுப்பா. டாக்டர் எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாரு. மாப்பிள்ளை இம்மானுவேலுக்கு ஷிப்டு வேலை. காலையில போனா ராத்திரிதான். தண்ணி மோந்து குடுக்கக்கூட ஆளில்ல. அவ அம்மா போயே ஆகணும். அதுல ரெண்டாவது பேச்சுக்கே இடமில்ல.

ஆரோக்கியமா? அவ தனியா இந்தா இருக்குற சமயநல்லூருக்குக்கூடப் போனதில்ல. பஸ்ஸுல பொம்பளை சீட்டுல உக்காந்துக்கிட்டு நான் பின்னால நிக்கிறேனான்னு ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு திரும்பிப் பாக்குறவ. அங்க ஆபீசர், எதுக்கு வந்தன்னு கேப்பான்னு பத்து நாளா பழக்கி விட்டிருக்கேன். டாட்டர் டெலிவரி, சிக்ஸ் மந்த்ஸ், ரிட்டன். மூணே வார்த்தைதான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சாமியார் சௌக்கியமா ஆரோக்கியம்னு கேக்குறாரு, டாட்டர் டெலிவரி சிக்ஸ் மந்த்ஸ் ரிட்டன்ங்கறா. அவரு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிட்டாரு. நீங்க பக்கத்துல நிப்பீங்கல்ல, நீங்களே சொல்லுங்கங்கறா என்கிட்ட. அங்க பொம்பளைக்குத் தனி வரிசைன்னு சொல்லி வச்சிருக்கேன்.

இப்ப பாரு. இருபத்துமூணு முன்னூறு. முன்னூறுதான் இடிக்குது. அந்தப் பூட்டு! பீரோ சைஸுக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டியிருக்கா பாரு பெட்டிக்கு. அதக் கழட்டு. இருபத்திரெண்டு எண்ணூத்தம்பது. முடிஞ்சுது. கயிறு போட்டுக் கட்டிரு.

பூட்டா? நீயே வச்சுக்க, கடைக்கு ஆகும். வீட்டுக்கா? வீட்ட எதுக்குப்பா பூட்டிக்கிட்டு, வீட்டுல ஆளு இருக்கும்.

அது கிடக்கட்டும். அந்தப் பேப்பர் கட்டு இருக்குல்ல, அதுல ஒரு மூணு கிலோ நிறுத்துப் போடு. எடைக்குப் போட வரல, வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். நீலப் பெட்டியில சாமானெல்லாம் எடுத்துட்டேன்ல. என் துணி பூராத்தையும் வச்சாலும் மூணு கிலோ குறையும். அவ தினம் காலையில ரெண்டு பெட்டியையும் கைப்பிடியப் பிடிச்சுத் தூக்கிப் பாக்குறா. லேசா இருந்தா கண்டுபிடிச்சுருவா.

எனக்கு விசா வரல வீரணா.

சேந்துதான் போட்டோம். அவளுக்கு வந்துருச்சு. எனக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. உள்ள விட்டா நான் திரும்பிப் போவேன்னு அவனுக்கு நம்பிக்கை இல்லையாம். பள்ளிக்கூடத்துல முப்பத்திரெண்டு வருசம் கிளார்க்கா இருந்து, உன் டி.சி.யக்கூட எழுதிக் குடுத்து ரிட்டையர் ஆனவன், அங்க தங்கி யாருக்கு டி.சி. எழுதப் போறேன்? மறுபடி போடலாமாம், அஞ்சு மாசம் ஆகுமாம். பிள்ளை அதுக்குள்ள கவுந்து படுத்துரும்.

ஆஷ்லினுக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும். இவளுக்குத்தான் தெரியாது. சொன்னா நீங்க வராம நான் ஏறமாட்டேன்னு உக்காந்துருவா. நாளைக்கு ரயில்ல மெட்ராஸ். அங்க முழங்கால் வலிக்குன்னு வீல்சேர் சொல்லியிருக்கேன். அதுல உக்காந்துட்டா தள்ளுறவன் எங்க போறானோ அங்கதான் போகணும், நாம நெனைச்ச எடத்துல எறங்க முடியாது. நீ முன்னால போ, நான் நீலப் பெட்டியோட பின்னால வாரேன்னு சொல்லிருவேன். அவ ப்ளேன்ல உக்காந்தப்புறம் போன்ல சொல்லுவேன். திட்டுவா. போற வழி பூராம் திட்டுவா. பக்கத்து சீட்டுக்காரன் பாவம்.

தப்புதான். தப்பு இல்லன்னா சொன்னேன்? அவ கோவம் ஆறு மாசம் இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன். பிள்ளைய அவ கையில வாங்கணும்.

சரி, நிறு. இங்கிலீஷ் பேப்பர் வேணாம். தமிழ்ப் பேப்பரா எடு. அந்த வாரப் பத்திரிகைக் கட்டையும் போடு. தேதி வரிசையா இருக்கான்னு மட்டும் பாத்துக்க வீரணா, திரும்பக் கொண்டாந்து ஆறு மாசம் வாசிக்கணும்ல.