நீர்யானை இறைத்த வெள்ளம்

கண்டிப்பில் கருங்கல்லாயினும் கனிவில் கற்கண்டான நூலகத் தலைவர் அவர்களே! மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்வரிசையை முழுதாய்ப் பிடித்த பெரியோர்களே! மடியில் மழலையையும் மனதில் பொறுமையையும் சுமந்து வந்த தாய்மார்களே! குழாய் ரிப்பேர் பார்க்கும் இந்தப் பெண்ணின் கும்பிடு!

மேடை எனக்குப் புதிது. ஆனால் நம் நூலகத்தின் பழைய விலங்குச் சித்திரக்கதைகளையெல்லாம் நாளைக்கே காகிதக் கூழாக்கத் தலைவர் கையெழுத்திட்டுவிட்டாரே, கையைக் கட்டிக்கொண்டு நிற்பேனா? "சிரிப்புப் படத்துல சிந்தனை ஏது?" என்கிறாரே, சொல்லாமல் விடுவேனா?

பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பேய்மழை. பிரசவ மருத்துவமனையின் மொட்டைமாடியில் வடிகால் அடைத்து முழங்காலளவு தண்ணீர். கீழே கூரை ஒழுகுகிறது. அதற்கு நேர் அடியில் பச்சிளங்குழந்தைகள்! கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. அங்கே அன்று பொறியாளர் யார்? இதே தலைவர்! "ஏதாவது பண்ணும்மா!" என்று பதறினார்.

என் நினைவுக்கு வந்தது அறிஞரா? அல்ல! ஆராய்ச்சியா? அல்ல! அரைக்கால் சட்டை போட்ட ஒரு நீர்யானை! மாடிவீட்டுக் குளியல்தொட்டியை அது காலிசெய்த கதை! அது செய்தபடியே செய்தேன். நீளக் குழாயை நீரில் அமிழ்த்திக் காற்றையெல்லாம் விரட்டினேன். ஒரு முனையை உள்ளேயே விட்டு, மறுமுனையை விரலால் அடைத்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே இறக்கித் திறந்தேன். ஏறியது நீர்! சுவரைத் தாண்டியது நீர்! தெருவில் தடதடவெனக் கொட்டியது நீர்!

யாருங்க அங்க, "தண்ணி மேல ஏறுமா"ன்னு கேக்குறது? வெளி முனை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தா ஏறும் அண்ணே! வீட்டுல வாளியை வச்சுப் பாருங்க. அண்ணி திட்டினா நான் பொறுப்பில்ல!

கூரை காய்ந்தது, குழந்தைகள் தூங்கின. "எந்தப் புத்தகத்துலம்மா படிச்சே?" என்றார் பொறியாளர். நீர்யானை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "பெரிய பொறியியல் புத்தகம் சார், அட்டை கிழிஞ்சிருக்கும்" என்று கூசாமல் புளுகிவிட்டேன். பாவம், பத்து ஆண்டுகளாக அலமாரி அலமாரியாகத் தேடுகிறார்! தலைவர் அவர்களே, இனித் தேட வேண்டாம். நீங்கள் கையெழுத்திட்ட பட்டியலில் மூன்றாவது வரியைப் பாருங்கள்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அறிவியல் என்ன, கோட்டுப் போட்டுக்கொண்டுதான் வரவேண்டுமா? வாலை ஆட்டிக்கொண்டு வந்தால் வாசலிலேயே விரட்டுவோமா? வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பார்கள். அன்று வெள்ளமே விட்டுப் போயிற்றே!

அடடே, தலைவர் எழுந்துவிட்டார்! மைக்கில் சொல்லுங்கள் சார்!

"பட்டியலைக் கிழிச்சாச்சு. ஆனா அந்த நீர்யானைய முதல்ல நான்தான் எடுத்துட்டுப் போவேன்!"

கேட்டீர்களா! வாழ்க தலைவர்! கேட்ட செவிகளுக்கும் தட்டிய கைகளுக்கும் நன்றி, வணக்கம். பதினைந்து நாளில் திருப்பித் தந்துவிடுங்கள் சார், பின்னால் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்!